டாக்டர் பிரான்சிஸ் டே

பவானி நதியில் தூண்டில் இடும் நம் நண்பர்களுள் டாக்டர் பிரான்சிஸ் டே துரையை அறிந்தோர் சிலரே. 1829-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1852-ல் சென்னைப் பட்டாளத்து வைத்தியராய் வந்த அவர் மனம் மீன்களிலேயே ஈடுபட்டது. சீமை நதிகளின் டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளிற் குடியேற்ற 1863-ல் முயன்றார், பலிக்கவில்லை. மலையடிவாரத்துப் பவானியிலோ வேறொரு பேறு கிட்டிற்று. அந்நதியின் கெண்டையினம் ஒன்றை 1867-ல் முதன்முதல் விவரித்தார். ஐயத்திற்குரியது என்று பொருள்படும் லத்தீன் பெயரை அதற்கு இட்டது நமக்குச் சற்று வியப்பே. சிறுகண் வலைகளும் வழிவிடாத அணைகளும் மீனினத்தைக் குலைப்பதை 1873-ல் அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். இந்திய மீன்களைப் பற்றிய அவரது பெருநூல் 1878-ல் முற்றுப்பெற்றது. லண்டன் மியூசியத்துக் குந்தருடன் மூண்ட பகையால், அரும்பாடுபட்டுச் சேர்த்த மீன்களுள் ஒரு பகுதியை 1883-ல் சிட்னிக்கு விற்றுவிட்டார். 1887-ல் சால்மன் குலத்தைப் பற்றி நூல் வெளியிட்டு, 1889-ல் செல்டன்ஹாமில் காலஞ்சென்றார்.