10,080 காரணிகள் கொண்ட எண்: டிகிரி இல்லாத ராமானுஜனுக்குப் பட்டம் வாங்கித் தந்த பட்டியல்!

சிவகாசியில் பட்டாசுப் பெட்டி அடுக்குறவங்க கையில் 24 பெட்டி கொடுத்தால் கவலையே இல்லை. மூணு வரிசையில் எட்டெட்டு, நாலு வரிசையில் ஆறாறுன்னு மிச்சமில்லாமல் அடுக்கிடலாம். 23 கொடுத்துப் பாருங்க, ஒரே ஒரு நீள வரிசைதான்!

24-க்கு 8 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படி, தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் தோற்கடிக்கிற எண்களைத் தேடிப் போனவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். அவர் பேரைச் சொன்னாலே நமக்கு 1729-ம் டாக்ஸி கதையும்தான் ஞாபகம் வரும். ஆனால், அவருக்கு டிகிரி வாங்கித் தந்தது இந்த எண்கள்தான்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கண்டுகொள்ளாததால் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போனது. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம், 1914-ல் கேம்பிரிட்ஜ். போன சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் வெடித்தது.

அந்தப் போர்க்காலத்தில்தான், 1915-ல், இந்த எண்களைப் பற்றி 60 பக்கத்துக்கும் மேலான கட்டுரை வெளியானது. அதில் 102 எண்களின் பட்டியல். கால்குலேட்டர் இல்லாத காலம் என்பதை மறந்துடாதீங்க. கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது, சுமார் 6.75 லட்சம் கோடி.

இதை உடைத்துப் பார்த்தால் அழகு புரியும். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. எல்லாவற்றையும் பெருக்கினால் இந்த எண். காரணிகளை எண்ணுவதும் ஈஸி: ஒவ்வொரு 'முறை'யோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கணும். 7×5×3×3, பிறகு ஐந்து 2-கள். விடை 10,080. சின்ன பகா எண்கள் அதிக முறை, பெரியவை குறைந்த முறை என்ற இந்த அமைப்பு ஏன் வருகிறது என்பதை நிரூபித்ததுதான் கட்டுரையின் பலம். பட்டியல் அதன் ஒரு பகுதிதான்.

ஆனால், அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. வேடிக்கை என்னன்னா, இதை 23-ஆல் பெருக்கினால் வருவது அவர் பட்டியலின் அதே கடைசி எண்!

1916 மார்ச்சில் இந்த ஆய்வுக்காக கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு! 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் சென்னையில் இறந்தார்.

லண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்போது பணத் தட்டுப்பாடு. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுபோனது. அது விளக்கக் குறிப்புகளோடு 1997-ல், ராமானுஜன் பெயரிலேயே நடக்கும் ஆய்விதழில் வெளியானது.