ஆயிரம் முகம் கொண்டவர்

அச்சம் விளைக்கும் கதைகளை ஏட்டில் எழுதிப் புகழ் பெற்றோர் பலர். அக்கதைகளுக்குத் தம் முகத்தால் உயிர் கொடுத்தவர் லான் சேனி என்னும் நடிகர்.

இவர் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரும் செவிப்புலன் அற்றவர்கள். ஆதலால் அவ்வில்லத்தில் கையும் கண்ணும் முகமுமே பேசின. அன்னையார் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த காலத்தில், வெளியே கண்டவற்றை மைந்தர் அவருக்கு நடித்துக் காட்டுவார். சொல்லின்றி உள்ளத்தை உணர்த்தும் கலையை அவர் கற்ற பள்ளி அதுவே.

நாடக மேடையில் பயின்ற சேனி, பின்னர் ஊமைப் படங்களில் நடிக்கலானார். விக்டர் ஹியூகோவின் புதினம் 1923இல் படமானபோது, ஆலய மணியடிக்கும் கூனனாக நடித்தார். கஸ்தோன் லெரூவின் கதை 1925இல் படமாக வெளிவந்தபோது, இசையரங்கின் நிலவறையில் மறைந்து வாழும் கோரமுகத்தானாகத் தோன்றினார். உடல் வருத்தத்தைப் பொருட்படுத்தாது, ஒப்பனை முழுவதையும் தாமே செய்துகொண்டார். அவ்வுருவங்களைக் கண்டோர் முதலில் அஞ்சினர், பின்னர் இரங்கினர். கோணிய உடலினுள்ளும் அன்புக்கு ஏங்கும் நெஞ்சம் உண்டென்பதை அவர் நடிப்பு புலப்படுத்தியது.

1930இல் தம் முதற் பேசும் படத்தில் ஐந்து குரல்களில் பேசி நடித்தார். அதுவே இறுதிப் படமும் ஆயிற்று. நோய் அவர் குரலைப் பறித்தது. இளமையில் பெற்றோருடன் பேசிய சைகை மொழியே கடைசி நாட்களில் அவருக்குத் துணை நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், தம் 47ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பிறர் குறையெனக் கருதியதிலிருந்து கலையைப் பெற்று, பிறர் வெறுத்த உருவங்களுக்கு இரக்கத்தைத் தேடித் தந்த அப்பெரியாரின் வாழ்வு நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.