ஃபேக்டரிக்கு ஒரு ரூல், காலேஜுக்கு ஒரு ரூல்: ஆழ்வார்குறிச்சி அனந்தராமகிருஷ்ணன் கதை சொல்வது என்ன?

சென்னை அண்ணா சாலையில் 'சிம்சன்' பஸ் ஸ்டாப் தெரியும். டாஃபே டிராக்டரும் தெரியும். இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் கடனா நதிக்கரை ஊர்க்காரர் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

எஸ்.அனந்தராமகிருஷ்ணன், 1905-ல் ஆழ்வார்குறிச்சியில் பிறந்தவர். 1930களில் சிம்சன் கம்பெனிக்குள் நுழைந்தார். வெள்ளைக்காரர்கள் நடத்திய அந்த நிறுவனத்தில் முதல் இந்திய இயக்குநர் ஆனார். பிறகு தலைமைப் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. அமால்கமேஷன்ஸ் குழுமம், இந்தியா பிஸ்டன்ஸ், 1960-ல் டாஃபே என வரிசையாக வளர்ந்தது. டெட்ராய்ட் என்று சென்னையைச் சொல்வதற்கு ரொம்ப முன்னாடியே நடந்த கதை இது.

தொழிலாளி எப்படிப் பேரம் பேசினார்?

1926-ல் தொழிற்சங்கச் சட்டம், 1947-ல் தொழில் தகராறு சட்டம் வந்தன. சம்பளம், போனஸ் பிரச்சினை என்றால் சங்கம் கோரிக்கை வைக்கும். நிர்வாகம் இறங்கி வராவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரி நடுவில் உட்காருவார். 2025 வரை இருந்த அந்தச் சட்டத்தின்படி, அங்கே கையெழுத்தானதுதான் '12(3) ஒப்பந்தம்'. சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்கும் அது பொருந்தியது. சென்னை ஆலைகளில் இதெல்லாம் அன்றாட வார்த்தைகளாக இருந்தன.

ஊருக்கு வந்த காலேஜ்

1963-ல் சொந்த ஊரில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியைத் தொடங்கினார். பக்கத்து சிவசைலம் கோயில் அம்மன் பெயர் அது. அடுத்த ஆண்டே, 1964-ல், அவர் காலமானார். கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரியாக வளர்ந்தது.

இங்கேதான் கதை மாறுது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. அப்போ பேரம் பேச யார்கிட்ட போறது?

சட்டம் என்ன சொன்னது?

காரணமில்லாமல் வேலையை விட்டுத் தூக்குவது தமிழ்நாடு முழுக்க தனியார் கல்லூரி ஆசிரியர்களின் பெரிய பயமாக இருந்தது. 1976-ல் வந்த தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. அரசு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது.

1978-ல் உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்றது. ஆனால் 1988-ல், ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று தீர்ப்பளித்தது. அதாவது ஆசிரியருக்குத் தொழில் தகராறு சட்டத்தின் கதவு மூடியது. சிம்சன் தொழிலாளிக்குக் கிடைத்த 12(3) மேசை, பேராசிரியருக்குக் கிடைக்கவில்லை.

அப்போ வழி?

மதுரை, நெல்லை வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களின் 'மூட்டா' போன்ற சங்கங்கள் தர்ணா, ஆர்ப்பாட்டம், நீதிமன்றம், அமைச்சருடன் பேச்சுவார்த்தை என்று போராடித்தான் உரிமைகளைப் பெற்றன. பலன் ஒப்பந்தமாக வராது, அரசாணையாக வரும். ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அரசாணையில் ஒரு தரப்பு போட்டால் போதும்.

இதற்கும் வெளியே நிற்பவர்கள் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள். அதே வளாகம், அதே பாடம்தான். ஆனால் சம்பளம் தருவது அரசு இல்லை, நிர்வாகம். அரசாணையில் ஊதியம் உயர்ந்தாலும் அவர்களுக்கு அது தானாக வந்து சேராது.