உங்க வாட்டர் பாட்டில் என்ன பிளாஸ்டிக்? கண்டுபிடிக்க வழி காட்டிய திருவானைக்காவல்காரர்!

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் போனால், காவிரிப் பாலம் தாண்டியதும் திருவானைக்காவல் வரும். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கான கோயில் இருக்கிற ஊர். 1888 நவம்பர் 7-ல் இங்கே பிறந்த ஒருவர்தான், எந்தப் பிளாஸ்டிக் எதுன்னு ஒளியை வைத்தே கண்டுபிடிக்க வழி காட்டியவர். ஆமாங்க, நம்ம சர் சி.வி.ராமன்!

நோபல் வாங்கினவருக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? வாங்க, பார்ப்போம்.

ராமனின் அப்பா ஓர் ஆசிரியர். ராமன் சின்னப் பையனா இருந்தப்பவே குடும்பம் விசாகப்பட்டினத்துக்குப் போயிடுச்சு. 11 வயதில் மெட்ரிகுலேஷன், 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் தங்கப் பதக்கத்தோடு பி.ஏ. 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. கைநிறைய சம்பளம். ஆனா மனசு ஆய்வகத்தில்! ஆபீஸ் நேரம் போக, பவ்பஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்திலேயே கிடந்தார். 1917-ல் சம்பளம் குறையும்னு தெரிஞ்சும் வேலையை விட்டுட்டுப் பேராசிரியர் ஆனார்.

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடிச்சுக்கிச்சு. வானம் பிரதிபலிக்குதுன்னுதான் அதுவரை சொல்லிட்டிருந்தாங்க. ஒரு சின்னப் பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை மறைச்சுப் பார்த்தார். நீலம் போகலை! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குதுன்னு புரிஞ்சுது.

அப்புறம் ஏழு வருஷம் விடாத தேடல். மாணவர் கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து, சுத்தப்படுத்திய சுமார் 60 திரவங்களில் ஒளியைப் பாய்ச்சினார். சிதறி வரும் ஒளியில் ரொம்பக் கொஞ்சம் மட்டும் நிறம் மாறி வந்தது. அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு மாதிரி, நம்ம கைரேகை போல. 1928 பிப்ரவரி 28-ல் உறுதியானது ராமன் விளைவு. 1930-ல் நோபல். அந்தத் தேதியைத்தான் இன்னிக்கு தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுறோம்.

இப்ப பிளாஸ்டிக்குக்கு வருவோம். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் தெர்மாகோல் பிசுபிசுன்னு கூழாயிடும். அதே ரிமூவர் பால் கவரை ஒண்ணும் செய்யாது. பார்க்க எல்லாம் பிளாஸ்டிக்தான், உள்ளே மூலக்கூறு வேற. தண்ணீர் மூலக்கூறில் ஒரு பக்கம் லேசா பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ். இதுதான் முனைவுத்தன்மை. பால் கவரின் பாலிஎத்திலீனில் இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை, எண்ணெய் மாதிரி. அதனாலதான் ஆத்துல வருஷக்கணக்கா கிடந்தாலும் கரையாது. உடைஞ்சு உடைஞ்சு, கண்ணுக்குத் தெரியாத மைக்ரோபிளாஸ்டிக் ஆகுமே தவிர, காணாமப் போகாது.

அந்தத் துகள் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கேதான் ராமன் வர்றார். மைக்ராஸ்கோப் வழியா லேசரைப் பாய்ச்சினால் துகள் தன் கைரேகையைக் காட்டிடும். முனைவு அதிகமான தண்ணீரின் ராமன் ஒளி ரொம்ப மங்கல், கார்பன் சங்கிலியான பிளாஸ்டிக்குக்கோ பளிச்! ராமன் அன்னிக்கு ஆராய்ந்த பென்சீனின் ஆறு கார்பன் வளையம்தான் தெர்மாகோல் மூலக்கூறிலும் இருக்கு. அதன் கோடு தனியாத் தெரியும்.

மறுசுழற்சிக்கும் இந்த அடையாளம் முக்கியம். வாட்டர் பாட்டில் பெட் பிளாஸ்டிக், மூடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். சேர்த்து உருக்கினால் எண்ணெயும் தண்ணியும்போல ஒட்டாம, எதுக்கும் உதவாத பிளாஸ்டிக்தான் மிஞ்சும்.

1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் மறைந்தார் ராமன். அடுத்த முறை காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, கையில இருக்கிற பாட்டிலை ஜன்னல் வழியா வீசிடாதீங்க. தண்ணீரின் நிறத்தைத் தேடிக் கிளம்பியவர் பிறந்த ஊர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு!