முத்துலட்சுமி அம்மையாரும் ஔவை இல்லமும்

முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரைக் கேட்டவுடன், சாந்திபுரத்திலும் குப்பத்திலும் வளரும் நீங்கள் அவரைத் தெலுங்கு நாட்டவர் என்றே எண்ணக்கூடும். அவர் பிறந்த ஊர் புதுக்கோட்டை, தாய்மொழி தமிழ். 'ரெட்டி' என்பது அவர்தம் கணவர் மருத்துவர் சுந்தர ரெட்டியின் பெயரிலிருந்து வந்து சேர்ந்தது. அவர் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் சித்தூர்ப் பகுதியும் சென்னை மாகாணத்திலேயே இருந்தது. 1953-ஆம் ஆண்டில்தான் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. ஆகவே சென்னைச் சட்டமன்றத்தில் அம்மையார் எழுப்பிய குரல் இவ்வூர்ப் பிள்ளைகளுக்காகவும் எழுந்த குரலாகும்.

1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிலில் இசையும் நடனமும் வளர்த்த தேவதாசி மரபில் வந்தவர். இத்திருமணத்தை நாராயணசாமி ஐயரின் உறவினர் ஏற்கவில்லை. அவரை ஒதுக்கி வைத்தனர். ஊர் மதிக்கும் கல்வியாளரின் வீடாயினும், உறவின் வாயில்கள் அடைபட்ட வீடாகவே அது இருந்தது. பிறப்பைக் காட்டி ஒரு குழந்தையை உலகம் எவ்வாறு தள்ளி நிறுத்தும் என்பதை முத்துலட்சுமி நூலில் படித்து அறியவில்லை.

பள்ளிப் படிப்பை முடித்த அவர் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதும் தாயின் மரபும் தடைகளாகச் சொல்லப்பட்டன. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளைப் பொருட்படுத்தாமல் அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரே பெண்ணாக அவர் படித்தார். பின்பு 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவரானார். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். 1914-இல் சுந்தர ரெட்டியாரை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணிகளில் குறுக்கிடலாகாது என்று முன்கூட்டியே கேட்டு உறுதி பெற்ற பின்னரே இசைந்தார்.

1925-இல் அரசின் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, பெண்கள், குழந்தைகள் நோய் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார். திரும்பி வந்தவரை மருத்துவமனையோடு நின்றுவிட நாடு விடவில்லை. 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றம் ஒன்றில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. அம்மன்றத்தின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கே சற்று நின்று, ஒரு வழக்கத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். சிறு பெண்ணைக் கோயில் தெய்வத்திற்கு நேர்ந்து தாலி கட்டிவிடும் சடங்கைப் பொட்டுக்கட்டுதல் என்பர். அதன்பின் அப்பெண் பிறரைப்போல் மணம் செய்துகொள்ள இயலாது. செல்வர் சிலரின் விருப்பத்திற்கு உட்பட்டு வாழும் நிலையே பலருக்கும் வாய்த்தது. சடங்கின்போது அக்குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதே தெரியாது.

பெற்றோர் ஏன் இதற்கு உடன்பட்டனர்? பக்தி ஒரு காரணம். வறுமை மற்றொரு காரணம். பலரும் கவனியாமல் விடும் மூன்றாவது காரணம் நிலம். கோயில் பணிக்காக அக்குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணி செய்ய ஒரு பெண் இருக்கும்வரைதான் நிலம் கையில் இருக்கும். அடுத்த தலைமுறைக்குப் பெண் இல்லையெனில் வயலும் இல்லை, வீடும் இல்லை. ஆகையால் பெண்மகவு இல்லாத வீட்டார் வேறொரு வீட்டுப் பெண் குழந்தையைத் தத்து எடுத்தனர். ஏனைய இந்துக் குடும்பங்களில் ஆண்மகவைத் தத்தெடுப்பதே வழக்கமாக இருந்த அக்காலத்தில், பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமை இம்மரபினருக்கு இருந்தது. கேட்பதற்கு அது பெருமையாகத் தோன்றும். ஆனால் குழந்தைக்காக வீடு தேடப்பட்டதா, வீட்டுக்காகக் குழந்தை தேடப்பட்டதா என்று வினவினால், விடை வருத்தம் தரும்.

முத்துலட்சுமி அம்மையாரின் நுண்ணறிவு இங்கேதான் வெளிப்படுகிறது. 1927-இல் இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ஆயினும் வெறும் தடை போதாது, தடையால் சோறு இழக்கும் குடும்பம் மறைவில் அதையே செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, அதை நிறைவேற்றினார். கோயில் பணி செய்தாலும் செய்யாவிட்டாலும் மானிய நிலம் அப்பெண்களுக்கே உரியது என்பது அத்திருத்தத்தின் சாரம். நிலத்தைக் காப்பாற்ற ஒரு மகளைக் கொடுக்க வேண்டிய தேவை அதனால் நீங்கியது. அவர் செய்தவற்றுள் புகழ் பெற்றவை வேறு பல உண்டு. என் மதிப்பில் இத்திருத்தமே தலையாயது.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. எதிர்த்தவர் அனைவரையும் தீயோர் என்று எழுதிவிடுவது எளிது, அது நேர்மையன்று. திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பிய பெங்களூரு நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞரும் எதிர்த்தவர்களுள் இருந்தனர். தங்கள் மரபு முழுவதும் இழிவாகப் பேசப்படுகிறது, தலைமுறைகளாகக் காத்த கலையும் பிழைப்பும் அழியும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் சடங்கு நடக்கும் நாளில் அச்சிறுமியின் விருப்பத்தைக் கேட்பவர் எவருமில்லை என்ற அம்மையாரின் வாதத்திற்கு அவர்களிடமும் விடை இல்லை.

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அதையொட்டிய காலத்தில்தான் அவர்தம் வாழ்வில் பெரியதொரு திருப்பம் நேர்ந்தது. பொட்டுக்கட்டும் வாழ்வை வேண்டாமென்று வெளியேறிய சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி அவரிடம் வந்தனர். சென்னையில் மாணவியர் விடுதிகள் இருந்தன. ஆனால் சாதி பார்த்துச் சேர்க்கும் அவ்விடுதிகள் இச்சிறுமியரை ஏற்க மறுத்தன. சட்டமன்றத்தில் வென்ற வாதம், ஒரு விடுதியின் வாயிலில் தோற்றுப்போனது. அம்மையார் அவர்களைத் தம் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்.

அவருக்கு அப்போது கணவர், மகன்கள், மருத்துவப் பணி, பொதுப்பணி எனக் கடமைகள் நிறைந்திருந்தன. உங்களுள் சிலர் பெற்றோர் வேலைக்காக வேற்றூர் சென்றிருக்க, பாட்டி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ தங்கிப் படிப்பவர்கள். ஒரு வீட்டில் புதிதாக ஒரு தட்டு கூடினால் எத்தனை மாறுதல்கள் நேரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்கு தெரியும். அதுவும் உறவல்லாத பிள்ளைகள். ஊரார் குறை சொல்லும் பிள்ளைகள்.

அந்த வீட்டிலிருந்து வளர்ந்ததே ஔவை இல்லம். பின்னர் அடையாற்றில் அதற்கென இடம் அமைந்தது. மணவாழ்வுக்குள் அடங்காமல் நாடெங்கும் நடந்து தமிழ் பாடிய ஔவையாரின் பெயரை இல்லத்திற்கு அவர் இட்டது எத்துணைப் பொருத்தம்! பொட்டுக்கட்டலிலிருந்து மீண்டவர்களுக்காகத் தொடங்கிய அவ்வில்லம், நாளடைவில் ஆதரவற்ற குழந்தைகள், கைவிடப்பட்ட பெண்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. எந்தச் சாதி என்னும் கேள்வி அங்கே இல்லை. உணவும் உடையும் தந்து நிறுத்திவிடாமல், படிப்பும் கைத்தொழிலும் கற்பித்தனர். இல்லத்தை விட்டுச் செல்லும் நாளில் அப்பெண் தன் காலில் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். வேறு வகையில் சொன்னால், மற்றொரு வீட்டின் தயவை நாடி அவள் மீண்டும் ஒரு வாயிலில் நிற்கலாகாது.

அவர் முன்பு விதைத்தது 1947-இல் முழுமையாக விளைந்தது. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அப்போது சித்தூரும் மாகாணத்தினுள் இருந்தமையால், சட்டம் இங்கும் செல்லுபடியாயிற்று. எனினும் சட்டம் வந்த அன்றே வழக்கம் மறைந்துவிடுவதில்லை. நோயுற்ற பெண்குழந்தையை மாதம்மா என்னும் தெய்வத்திற்கு நேர்ந்துவிடும் பழக்கம் சித்தூர் மாவட்டத்தின் சில சிற்றூர்களில் நீடித்தது. 1988-இல் ஆந்திரப் பிரதேசம் தனிச்சட்டம் இயற்றியது. அதன் பின்னரும், 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையம் ஆந்திர, தமிழ்நாட்டு அரசுகளிடம் இது குறித்து விளக்கம் கேட்க நேர்ந்தது.

அம்மையாரின் பிற்காலப் பணிகளுள் பெரியது அடையாறு புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரம் அதற்கு வித்தாயிற்று. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் நிலையம் செயல்படத் தொடங்கியது. அவ்வரலாறு தனிப்பாடமாக அமையத்தக்கது. 1956-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. 1968 சூலை 22 அன்று அவர் மறைந்தார்.

தமிழ்நாட்டில் ஏழைக் கருவுற்ற தாய்மார்க்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. குழந்தை பிறக்கும் முன்பே குடும்பத்தின் கையில் சிறிது வலுச் சேர்ப்பது அதன் கருத்து. நாடு முழுவதற்குமான மற்றொரு திட்டமும் உண்டு. தந்தையை இழந்தோ, பெற்றோர் நோயுற்றோ தவிக்கும் குடும்பத்துக் குழந்தை, இல்லத்துக்கு அனுப்பப்படாமல் உற்றாருடனேயே வளர்வதற்காக மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வழங்க 'மிஷன் வாத்சல்யா' வழிசெய்கிறது. சொந்தக் குடும்பத்தில் வாழ இயலாத குழந்தையை வேறொரு குடும்பம் சில காலம் வளர்க்கும் முறைக்கும் அதில் இடமுண்டு. இதனை வளர்ப்புப் பராமரிப்பு என்பர். தத்தெடுப்பு வேறு: அதில் குழந்தை என்றைக்குமாக அக்குடும்பத்தின் பிள்ளையாகிவிடும். இரண்டிலும், குழந்தையை ஒப்படைக்கும் முன் அந்த வீட்டாரைப் பற்றி அதிகாரிகள் நேரில் விசாரித்து அறிய வேண்டும் என்பது விதி.

இத்திட்டங்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கோ துன்பம் நேர்ந்தால் 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.