ஆண்ட்ரூ பெல்

ஆண்ட்ரூ பெல் (மார்ச் 27, 1753 – ஜனவரி 27, 1832) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கல்வியாளரும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவும் ஆவார். மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்தில் பரப்பியவர் இவர். சென்னையில் உருவானதால் அம்முறை மட்ராஸ் முறை என்று பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளை முறை என்றும் தமிழில் இதனைக் குறிப்பிடுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகள் பெரும்பாலும் இம்முறையையோ இதனை ஒத்த லங்காஸ்டர் முறையையோ பின்பற்றின. இம்முறையில் பெல்லின் பங்கு எவ்வளவு, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதிக்கப்படும் கேள்வியாகும்.

இளமைக் காலம்

பெல் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றுக் கணிதத்திலும் இயற்பியலிலும் தேர்ச்சி பெற்றார். 1774-ல் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று, பின்னர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான கார்ட்டர் பிராக்ஸ்டனின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். 1781-ல் நாடு திரும்பினார். பின்னர் குருப்பட்டம் பெற்றுச் சிறிது காலம் லீத் நகரில் பணியாற்றினார்.

சென்னையில்

1787-ல் பெல் சென்னை வந்து சேர்ந்தார். இயற்பியல் பற்றிச் சொற்பொழிவாற்றிப் பொருளீட்டுவது அவரது நோக்கங்களுள் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் சமயகுருவாக நியமனம் பெற்று, ஒவ்வொன்றிலிருந்தும் ஊதியம் பெற்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது அவரிடம் ஏறத்தாழ 25,000 பவுண்டு சொத்து இருந்தது. அக்காலத்தில் இது பெருந்தொகை.

1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றார். கம்பெனிப் படையில் பணியாற்றிய ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே வளர்க்கப்பட்டனர். அவர்களுள் பலருக்கு இந்தியத் தாய்மார்கள். இப்பணிக்கு ஊதியம் பெற பெல் மறுத்துவிட்டார். பணத்தில் கண்ணாயிருந்த ஒருவர் இவ்வாறு செய்தது வியப்புக்குரியதே.

இல்லத்தின் ஆசிரியர்கள் போதிய ஆர்வமின்றிக் கற்பித்தனர். அரிச்சுவடியைக் கடக்கவே சிறுவர்களுக்குப் பல மாதங்கள் ஆயின. ஒருநாள் காலை பெல் குதிரையில் சென்றுகொண்டிருந்தபோது, ஓர் உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனை அவர் மலபார் பள்ளி என்று எழுதி வைத்துள்ளார். அக்கால ஆங்கிலத்தில் மலபார் என்ற சொல் தமிழரையும் தமிழையும் குறித்தது. இதனைக் கேரளத்துப் பள்ளி என்று பொருள் கொள்வது தவறு.

இல்லத்துக்குத் திரும்பிய பெல், கீழ் வகுப்பில் மணலைப் பரப்பி எழுத்துக்களைக் கற்பிக்கும்படி அவ்வகுப்பின் ஆசிரியரிடம் கூறினார். அந்த ஆசிரியர் இது நடவாத காரியம் என்று கூறி உடன்படவில்லை. பெல் பிடிவாதக்காரர். ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் முடியாது என்று கூறப்பட்டதைச் சிறுவன் செய்து காட்டினான். அதன் பின்னர் மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாகச் சிறுவர்களின் பொறுப்பில் விடப்பட்டன. பெரியவர்களான ஆசிரியர்களுக்கு ஒழுங்கைக் கவனிக்கும் வேலையே எஞ்சியது.

முறையின் அமைப்பு

பெல்லின் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் இருவர் இருவராகப் பிரிக்கப்பட்டது. நன்கு கற்ற ஒருவனுக்கு அருகில் பின்தங்கிய ஒருவன் அமர்த்தப்பட்டான். முதலாமவன் இரண்டாமவனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். இவர்களுக்கு மேலே உதவி ஆசிரியச் சிறுவன், அவனுக்கு மேலே வகுப்பின் ஆசிரியச் சிறுவன், அனைவருக்கும் மேலே தலைமையாசிரியர் எனப் பொறுப்பு படிப்படியாக அமைந்தது. கணினித் துறையினர் மரக்கிளை அமைப்பு என்று அழைப்பதை இது ஒத்திருக்கிறது. மேலே இருக்கும் ஒருவர் தமக்கு நேர் கீழே உள்ள சிலரை மட்டும் கவனித்தால் போதும்; ஒரே ஆசிரியரால் சில நூறு மாணவர்களைச் சமாளிக்க முடிந்ததன் காரணம் இதுவே.

பாடம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றைப் பிழையறக் கற்ற பின்னரே அடுத்தது தொடங்கப்பட்டது. சரியாக விடை கூறுபவன் வரிசையில் முன்னேறுவான், தவறுபவன் பின்செல்வான். அன்றன்று கற்ற அளவு ஒரு பதிவேட்டில் குறிக்கப்பட்டு முந்தைய நாட்களோடு ஒப்பிடப்பட்டது. குற்றங்களுக்குத் தனியாகக் கருப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் பதிவானவற்றைச் சிறுவர்களே நடுவர் குழுவாக அமர்ந்து விசாரித்தனர். பிரம்படியைக் குறைக்க இது உதவியது. மணல் பரப்பிய பலகை தாளையும் மையையும் மிச்சப்படுத்தியது. பிழையாக எழுதினால் கையால் தடவி அழித்துவிடலாம். கற்பிப்பவனும் கற்பித்தலின் வழியாகவே நன்றாகக் கற்கிறான் என்பது பெல்லின் உறுதியான நம்பிக்கை.

திண்ணைப் பள்ளிகளும் முன்னோடிக் கேள்வியும்

மேலே கூறியவற்றுள் பல தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. திண்ணைப் பள்ளியில் குழந்தை மணலில் எழுதிப் பழகிய பின்னரே பனையோலைக்கும் எழுத்தாணிக்கும் செல்லும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பதும், ஆசிரியர் இல்லாத வேளையில் பள்ளியை நடத்துவதும் வழக்கம். இம்முறை தென்னிந்தியாவில் பழமையானது. 1623-ல் கர்நாடகத்தின் இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, சிறுவர்கள் ஆசிரியர் உதவியின்றி மணலில் எழுதிக்கொண்டு ஒருவருக்கொருவர் கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டதை விவரித்துள்ளார்.

மணலில் எழுதும் பழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியிலிருந்து எடுத்ததாக பெல்லே ஒப்புக்கொண்டார். ஆனால் மாணவரே ஆசிரியராவது தமது கண்டுபிடிப்பு என்றார். அக்காலத்தவர் அனைவரும் இதனை ஏற்கவில்லை. 1814-ல் கம்பெனியின் இயக்குநர் குழு வங்காளத்துக்கு அனுப்பிய கடிதம், இந்தியாவில் தொன்றுதொட்டு வழங்கிய கற்பித்தல் முறையே சென்னையில் பெல் மூலமாக இங்கிலாந்துக்கு வந்தது என்று கூறுகிறது. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பல் 1823-ல் எழுதிய அறிக்கையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் உள்ளூர் முறை இங்கிலாந்தில் பின்பற்றப்படத் தகுதியானதே என்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் கோரிய கணக்கெடுப்புக்காக எழுதப்பட்டது அது. அக்கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் 12,498 உள்ளூர்ப் பள்ளிகள் இருந்தன. இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983-ல் நூலாகத் தொகுத்து வெளியிட்ட பின்னர் இக்கேள்வி மீண்டும் கவனம் பெற்றது.

இரண்டு பக்கமும் ஓரளவு உண்மை உள்ளது என்றே தோன்றுகிறது. சட்டாம்பிள்ளை திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளன். ஆசிரியரின் இடத்தில் அவன் நிரந்தரமாக அமர்வதில்லை. ஆசிரியரை ஒதுக்கி, பள்ளி முழுவதையும் பதிவேடுகளோடும் படிநிலைகளோடும் சட்டாம்பிள்ளைகளிடம் ஒப்படைத்தது பெல் செய்த மாற்றம். ஆயினும் எழும்பூரைச் சுற்றித் திண்ணைப் பள்ளிகள் இருந்தபோது, மணலை மட்டும் கண்ட பெல்லின் கண்ணுக்குச் சட்டாம்பிள்ளை தென்படவில்லை என்பதை நம்புவது கடினம்.

இங்கிலாந்தில்

உடல்நலம் குன்றியதால் பெல் 1796-ல் சென்னையை விட்டுச் சென்றார். அடுத்த ஆண்டு தமது சோதனையைப் பற்றிய சிறுநூலை இலண்டனில் வெளியிட்டார். 1798-ல் இலண்டன் ஆல்ட்கேட்டிலுள்ள புனித பொட்டால்ஃப் பள்ளி இம்முறையை முதலில் ஏற்றது. 1801-ல் ஸ்வானேஜ் என்னும் கடற்கரை ஊரின் பங்குக் குருவானார். அங்கு பள்ளிகளை நடத்தியதோடு அம்மைத் தடுப்பூசியையும் பரப்பினார். 1800-ல் செய்துகொண்ட திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது.

இதே காலத்தில் குவேக்கரான ஜோசஃப் லங்காஸ்டர் இலண்டனில் மிகவும் ஒத்த முறையில் பள்ளி நடத்தி வந்தார். 1804-ல் அவர் ஸ்வானேஜுக்கு வந்து பெல்லுடன் தங்கிச் சென்றார். தொடக்கத்தில் இருந்த நட்பு, யார் முதலில் கண்டுபிடித்தது என்ற பூசலாக மாறியது. இதில் சமயமும் கலந்தது. லங்காஸ்டரின் பள்ளிகளில் எந்தத் திருச்சபையின் கோட்பாடும் கற்பிக்கப்படவில்லை. இதனை அஞ்சிய ஆங்கிலிக்கன் தலைவர்கள் பெல்லை முன்னிறுத்தி 1811-ல் தேசியச் சங்கத்தை நிறுவினர். கவிஞர்களான சதே, கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த் ஆகியோர் பெல்லின் பக்கம் நின்றனர். லங்காஸ்டர் மாணவர்களைக் கூடையில் வைத்து உயரத் தொங்கவிட்டுத் தண்டித்ததைக் கோல்ரிட்ஜ் கடுமையாகச் சாடினார்.

1812-ல் இலண்டனில் தேசியச் சங்கம் தொடங்கிய மையப் பள்ளி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் இடமாகவும் விளங்கியது. மற்ற ஊர்களிலிருந்து வந்த ஆசிரியர்கள் குறுகிய காலம் தங்கி முறையைக் கற்றுச் சென்றனர். 1816-ல் பெல் சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசியைச் சந்தித்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் தமது முறை உலகெங்கும் நிலைபெறும், பெஸ்டலோசியின் பெயர் மறக்கப்படும் என்று அப்போது அவர் கருதியதாகச் சொல்லப்படுகிறது. நடந்தது நேர்மாறாகும்.

விமர்சனங்கள்

சென்னை முறையின் பெரும் கவர்ச்சி அதன் மலிவு. அதன் குறையும் அங்கிருந்தே வந்தது. எட்டுப் பத்து வயதுச் சிறுவனால் தான் மனப்பாடம் செய்ததையே பிறருக்குத் தர முடியும். ஏன், எதற்கு என்ற கேள்விக்கு அவனிடம் விடை இல்லை. மேலும், ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிப்பது தமது நோக்கமல்ல என்று பெல் எழுதியுள்ளார். வாசிக்கக் கற்பதும் சமயப் போதனையும் போதும் என்பது அவர் எண்ணம். கல்வி பெற்றால் ஏழைகள் தம் நிலையில் நிறைவு கொள்ளமாட்டார்கள் என்ற அச்சம் அக்கால மேல்தட்டினரிடம் பரவலாக இருந்தது. பெல் அதனுடன் மோதவில்லை.

1840-களில் இங்கிலாந்து வேறு வழியில் திரும்பியது. தங்கிப் படிக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின. 1846-ல் கே-ஷட்டில்வொர்த்தின் முயற்சியால், பதின்மூன்று வயதைத் தாண்டிய மாணவர்களை ஐந்தாண்டுகள் ஊதியத்துடன் பழக்கி ஆசிரியராக்கும் திட்டம் வந்தது. சிறுவர்களை மட்டும் நம்பிய பள்ளிகள் படிப்படியாக மறைந்தன.

இறப்பும் அறக்கொடையும்

பெல் 1832-ல் செல்டன்ஹாமில் காலமானார். இறப்பதற்கு முந்தைய ஆண்டில் 120,000 பவுண்டு மதிப்புள்ள முதலீட்டைக் கல்விக்காக அறங்காவலர்களிடம் ஒப்படைத்திருந்தார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு செயிண்ட் ஆண்ட்ரூஸில் மட்ராஸ் கல்லூரி 1833-ல் திறக்கப்பட்டது. பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் இது மேல்நிலைப் பள்ளியே. கூப்பர் நகரிலுள்ள பெல் பாக்ஸ்டர் பள்ளியும் இவர் பெயரைத் தாங்கியது.

இந்த அறக்கொடையின் எஞ்சிய நிதியிலிருந்து 1876-ல் எடின்பரோ, செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் கல்வியியலுக்குப் பேராசிரியர் இருக்கைகள் நிறுவப்பட்டன. சைமன் லாரி எடின்பரோவிலும் ஜான் மெய்க்கில்ஜான் செயிண்ட் ஆண்ட்ரூஸிலும் முதல் பேராசிரியர்களாயினர். ஆங்கிலம் பேசும் நாடுகளில் கல்வியியலுக்கென அமைந்த முதல் பல்கலைக்கழக இருக்கைகளாக இவை கருதப்படுகின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவையில்லை என்று காட்ட முயன்ற ஒருவரின் பணம், ஆசிரியர்களின் உயர்கல்விக்குப் பயன்பட்டது.

பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வில்லியம் பேன்ஸ் செதுக்கிய பளிங்குச் சிற்பம் ஒன்று அங்கே உள்ளது. செயிண்ட் ஆண்ட்ரூஸின் மட்ராஸ் கல்லூரி 2021-ல் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தபோதும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.