லொயோலா இஞ்ஞாசியார்

ஸ்பெயின் நாட்டின் வடபால் உள்ள பாஸ்கு நிலத்தில் 1491இல் பிறந்தவர் இஞ்ஞாசியார். இளமையில் வாட்போரையே பெரிதும் விரும்பினார். 1521இல், காஸ்தீலிய அரசின் பொருட்டுப் பம்ப்லோனாக் கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. நோய்ப்படுக்கையிற் கற்ற சமய நூல்கள் அவர் உள்ளத்தை இறைவன்பால் திருப்பின.

கல்வி வேண்டிப் பாரிசு நகரடைந்த அவருடன், 1529 முதல் ஓரறையில் உறைந்தோர் இருவர். சவாய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பேதுரு பேபர் ஒருவர். நவார நாட்டுப் பெருங்குடியிற் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் மற்றவர். சவேரியாரது கோட்டை மதில்களைக் காஸ்தீலியர் இடித்திருந்தனர். அவர்தம் தமையன்மார் 1521ஆம் ஆண்டுப் போரில் எதிரணியில் நின்றவர்கள். அத்தகையவர் இஞ்ஞாசியாரை எளிதில் ஏற்பரோ? நெடுநாள் விலகியே இருந்தார். இஞ்ஞாசியாரோ, தம்மினும் பதினைந்து ஆண்டு இளையவரான பேபரிடம் அரிஸ்டாட்டில் பாடம் கேட்டார். பேபர் அவரிடம் இறைநெறி பயின்றார். நாளடைவில் சவேரியார் நெஞ்சமும் நெகிழ்ந்தது.

1534 ஆகஸ்டு 15இல் மோன்மார்த்தர் குன்றில் எழுவர் கூடித் துறவு நோன்பு பூண்டனர். அவர்களுள் போர்த்துக்கீசியரும் ஒருவர் இருந்தார். பின்னர்ப் பதின்மராகி, 1539இல் உரோமையில், நாட்டாலும் கருத்தாலும் வேறுபட்ட தாம் ஒரே சபையாக நிற்றல் கூடுமோ என்று பல நாள் ஆராய்ந்தனர். கருத்து மோதலும் இல்லாமற் போகவில்லை. எனினும், இத்துணை வேறுபட்டோரைக் கூட்டியவன் இறைவனே, அவன் கூட்டியதைத் தாம் பிரித்தல் தகாது எனத் துணிந்தனர். 1540இல் இயேசு சபை திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது.

கீழ்நாடுகளில் தொண்டாற்றிய சவேரியார், தோழர்தம் கையொப்பங்களை மடல்களினின்று கத்தரித்துத் தம்முடன் அணிந்திருந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் மறைந்தார். அச்செய்தி எட்டாமையால், அடுத்த ஆண்டு அவரைத் திரும்பி வருமாறு அழைத்து இஞ்ஞாசியார் மடல் வரைந்தார்.